மேற்கே திரும்பும் மூக்கு

பாம்பு பிடிப்பவரை உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிடிப்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சின்ன வயதில் பயந்திருப்பீர்கள். ஆள் பிடிப்பவர் தேர்தல் சமயத்தில் உங்கள் வாசலுக்கே வந்திருப்பார். இவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற இன்னொரு இனம் நம்மிடையே இருக்கிறது. அதற்கு நாற்றம் பிடிப்பவர் என்று பெயர்.

தவறாக நினைத்துவிடாதீர்கள். இவர் நாற்றத்தை அகற்றுகிறவர் அல்லர். சாக்கடையில் இறங்கி அகற்றுகிறவர்கள் வேறு மனிதர்கள். அவர்களுக்கு ஒரு கையுறைகூடக் கொடுக்காமல் இறக்கிவிட்டு, மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று விரலை நீட்டுகிறாரே, அவர்தான் நம்முடைய ஆள்.

சாதாரண மனிதனுக்கு வீட்டில் நாற்றம் அடித்தால் என்ன செய்வான்? முகர்ந்து பார்ப்பான், தேடுவான், பீரோவுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் எலியைக் கண்டுபிடிப்பான், வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுவான், கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவான். நாற்றம் பிடிப்பவருக்கு இந்த வரிசை ஒத்துவராது. அவர் முதலில் குற்றவாளியைத் தேர்ந்தெடுப்பார். அடுத்து குற்றத்தைத் தேர்ந்தெடுப்பார். மூக்குக்குக் கடைசியில்தான் வேலை.

அவர் வேலை செய்யும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்துவார். தலை சற்று உயரும். மூக்கின் இரண்டு துளைகளும் விரியும். கைக்குட்டை பாதி வழியில் காத்திருக்கும். பிறகு கழுத்து மெல்ல மெல்லத் திரும்பும். எந்தப் பக்கம் என்கிறீர்கள்? அவரைவிட வசதி குறைந்தவர், அண்மையில் குடிவந்தவர், சாதியிலோ ஊரிலோ தனக்குக் கீழே என்று அவர் முடிவு செய்து வைத்திருப்பவர், திருப்பித் திட்டமாட்டார் என்று நம்பத்தக்கவர், இவ்வளவும் ஒரே வீட்டில் கூடியிருந்தால் அந்த மூக்கு அங்கே போய்க் குத்திட்டு நின்றுவிடும். தெருவிலேயே பெரிய பணக்காரர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும்போது மட்டும் அவருக்குச் சளி பிடித்திருக்கும்.

வெள்ளிமலைப் பேருந்தில் கவனித்திருக்கிறீர்களா? மலைப்பாதை வளைவுகளில் டீசல் புகையும் வியர்வையும் யாரோ எடுத்த வாந்தியும் கலந்து ஒரு நாற்றம் கிளம்பும். நம்மவர் உடனே புளி மூட்டையோடு ஏறிய மலைக்காரரைத் திரும்பிப் பார்த்துக் கைக்குட்டையை எடுப்பார். வாந்தி எடுத்தது நம்மவருடைய சொந்த மருமகன்.

அவருக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. "நான் யாரையும் கொற சொல்லல" என்று தொடங்கினால், யாரோ வீடு காலி செய்யப்போகிறார்கள் என்று பொருள். "பொதுவா சொல்றேன்" என்றால் ஒரே ஒருவரைச் சொல்கிறார். "எல்லார் நல்லதுக்குந்தான்" என்றால் அவர் நல்லதுக்கு. "நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றால் பொழுது சாய்வதற்குள் பேருந்து நிலையம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரியாக எங்கள் நகரின் தங்கதுரையைச் சொல்வேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் கரும்புக் காடுகள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின, நகர்களுக்குச் சங்கங்கள் முளைத்தன. அப்படி முளைத்த ஒரு சங்கத்துக்கு அவர் தலைவர். ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போய்விட்டது, உட்காரும் தோரணை போகவில்லை. அவர் வீட்டின் கிழக்குச் சுவர் ஓரமாக ஒரு மூங்கில் புதர் இருக்கிறது. அங்கே மூங்கில் வைத்தால் பதவி தேடி வரும் என்று வாஸ்துக்காரர் சொன்னார். வந்தது சங்கத் தலைவர் பதவி. வேறு யாரும் போட்டியிடவில்லை என்பதை வாஸ்துக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் வீட்டுக்கு மேற்கே, சுவரை ஒட்டி, காசியம்மாளின் வீடு. காசியம்மாள் சின்னசேலத்தில் தானிய வியாபாரம் செய்கிறவர். இங்கே கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் குடியிருப்பது குமாரும் சிவரஞ்சனியும் அவர்கள் மகள் தனுஷாவும். வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். மேலே அவர்கள் குடும்பத்துக்குச் சாமையும் தினையும் விளைகிற கொஞ்சம் நிலம் உண்டு. குமார் மலைக்கும் ஊருக்கும் ஜீப் ஓட்டுகிறார். சிவரஞ்சனி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். தனுஷா பத்தாம் வகுப்பு. அவள் படிப்புக்காகத்தான் கீழே இறங்கி வந்தார்கள்.

இறங்குவது எளிது, வீடு கிடைப்பதுதான் கடினம். "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "வெள்ளிமலப் பக்கங்க." "ஓ, மேலயா? அடடா, இப்பத்தாம்மா ஒருத்தர் பேசிட்டுப் போனாரு." ஒருத்தர் பேசிவிட்டுப் போன அந்த வீடுகளில் எல்லாம் வாடகைக்கு என்ற பலகை மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. காசியம்மாள் மட்டும்தான் ஊர் பெயரைக் கேட்ட பிறகும் சாவியைக் கொடுத்தார். ஆகவே இந்த வீடு போனால் இன்னொரு வீடு இல்லை. தனுஷா நடு ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் தங்கதுரை, மூங்கில் வாடுகிறது என்று, "தம்பி, மலையிலேர்ந்து ரெண்டு மூட்ட எலமக்கு கொண்டாந்து போடேன், மல மண்ணு மாரி வருமா?" என்று குமாரிடம் கேட்டார். குமாரும் அந்த மக்கிய இலையுரத்தைக் கொண்டுவந்து மூங்கிலின் காலடியில் கொட்டினார். மலையின் மண் தங்கதுரைக்கு மிகவும் பிடிக்கும். மலையின் மனிதர்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டாவது செய்தி, குமார் வீட்டின் பின்கட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம் இருந்தது. வாயைத் துணியால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மழை விட்ட ஒரு காலையில் நாற்றம் வந்தது. சும்மா நாற்றம் இல்லை. அழுகல் இறைச்சியும் சாக்கடையும் கூட்டுச் சேர்ந்து கடை திறந்த மாதிரி ஒரு நாற்றம். காபியும் கையுமாக நின்ற தங்கதுரையின் தலை உயர்ந்தது.

"இன்னா அம்சா இது, இப்டி நாறுது?"

அவர் மனைவி அம்சவள்ளி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "எலி கிலி செத்திருக்குங்க. நம்ம மூங்கில் பக்கந்தான் ஜாஸ்தியா இருக்குது. போய் பாக்கறீங்களா?" என்றார்.

"நம்ம வூட்ல எலி எப்டி சாவும்?"

"எலின்னா எல்லார் வூட்லயும் சாவுங்க."

அதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. மேற்கே. அம்சவள்ளி பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். திருமணமான நாள் முதல் அவர் அந்தக் கழுத்தைப் பார்த்து வருகிறார்.

முதல் நாள் அது கருவாடு. தங்கதுரை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு வறுபட்டால் அது மணம். அதே மீன் மேற்கு வீட்டுச் சட்டிக்குப் போனால் நாற்றம். ஆனால் கருவாடு இவ்வளவு நாறாதே என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் அது காட்டுப்பன்றித் தோலாயிற்று. தோல் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள்தான் அவருடைய பார்வை சுவரைத் தாண்டி அந்த நீல ட்ரம்மின் மேல் விழுந்தது. மூடிய வாய். கட்டிய கயிறு. மலைக்காரர். அவருக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஆடின.

"ஊறல்!" என்றார்.

சாராயம் காய்ச்சப் போடும் ஊறலைத்தான் சொன்னார். இந்த ஊரில் அது விளையாட்டுச் சொல் அல்ல. விஷச் சாராயத்துக்கு மனிதர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் சில வீடுகளில் அழுகை கிளம்பும். அந்தச் சொல்லை எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு குடும்பத்தின் வாசலில் கொண்டுபோய் வைப்பதற்கு ஒரு தனிக் கல்நெஞ்சு வேண்டும். தங்கதுரைக்குக் கல்நெஞ்சு கிடையாது. அவர் நல்லவர், தெருநாய்க்குப் பிஸ்கட் போடுகிறவர். நம் நாட்டில் பாதிக் கொடுமைகளை நல்லவர்கள்தான் செய்கிறார்கள், அதுவும் காலையில் குளித்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை தலைவர் வீட்டுப் போர்டிகோவில் சங்கக் கூட்டம். எல்லார் முகத்திலும் கைக்குட்டை. வழிப்பறிக் கும்பல் ஒன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. சங்கத்தின் செயலாளர் நிர்மலா, பள்ளியில் அறிவியல் ஆசிரியை, ஓர் ஓரமாக இருந்தார். குமாரையும் சிவரஞ்சனியையும் கூப்பிட்டனுப்பி நிற்க வைத்தார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன.

"நான் யாரையும் கொற சொல்லல" என்று தங்கதுரை தொடங்கினார்.

"அப்ப இன்னாத்துக்கு சார் எங்கள மட்டும் கூப்ட்டீங்க?" என்றார் சிவரஞ்சனி.

"பொதுவா சொல்றேம்மா. உங்க வூட்டாண்ட நாத்தம் வருது."

"எங்க வூட்டுலயுந்தான் சார் சோறு துன்ன முடியல" என்றார் குமார். "காத்து உங்க பக்கத்துலேர்ந்து இல்ல வந்துக்கினு இருக்குது."

"பாத்தீங்களா! காத்து மேல பழி போடறான்."

குமார் பழி போடவில்லை, கணக்குச் சொன்னார். கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். மேற்கு வீட்டு நாற்றம் கிழக்கே வர வேண்டுமானால் காற்றை எதிர்த்து நடந்து, சுவர் ஏறிக் குதித்து, கதவைத் தட்டி, "தலைவர் இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். நிர்மலா இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "டீச்சர், இது சயின்ஸ் இல்ல, அனுபவம்" என்று தலைவர் அமர்த்திவிட்டார்.

"சரி, ஒரே ஒரு கேள்வி. அந்த ட்ரம்முல இன்னா இருக்குது?"

கூட்டம் முன்னால் சாய்ந்தது. கைக்குட்டைகள் கொஞ்சம் இறங்கின. சிவரஞ்சனி அவரை நேராகப் பார்த்தார்.

"உங்க வூட்டு ட்ரம்முல இன்னா சார் இருக்குது?"

"என் வூட்ட பத்தி யாரும்மா கேட்டா?"

"அதையேதான் நானும் சொல்றேன். நீங்க போலீஸா? இந்தத் தெருவுல ஒவ்வொரு வூட்டாண்டயும் ஒரு ட்ரம் நிக்குது. எல்லாத்தையும் வரிசையா தொறங்க, கடசீல எங்குளுத தொறக்கறேன். மல மேலேர்ந்து வந்தவங்கன்னா மூடி கூட போடக் கூடாதா?"

"ரஞ்சனி, வுடு" என்று குமார் கையைப் பிடித்தார். திறந்து காட்டிவிட்டால் முடிந்துவிடுமே என்று அவர் முகம் சொன்னது. வீடு போய்விடும் என்ற பயம் அது. சிவரஞ்சனி கையை உதறினார். இன்றைக்கு ட்ரம், நாளைக்கு அடுக்களை, நாளன்றைக்குத் துணிப் பெட்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தீர்ப்பு வந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் மதுவிலக்குப் போலீசுக்குத் தகவல். "எல்லார் நல்லதுக்குந்தான்" என்றார் தங்கதுரை. நிர்மலா மட்டும் கை தூக்கவில்லை. தலைவர் அங்கேயே காசியம்மாளுக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். மறுமுனையில் காசியம்மாள், "சந்தை முடியட்டும், பொதங்கெழம வர்றேன். நான் வந்து மோந்து பாக்கற வரிக்கும் எவனும் என் வூட்டுக் கதவ தட்டக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளும் தனுஷா தெருவில் தலை குனிந்து பள்ளிக்குப் போனாள். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவள் கடந்து போகும்போது ஒரு கேட்டுக்குப் பின்னால் யாரோ "ஊறலு" என்று சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவர் பட்டதாரி.

புதன்கிழமை விடிந்தது. பூஜைக்குப் பூப்பறிக்க, நாற்றத்துக்குப் பயந்து இத்தனை நாள் எட்டிப் பார்க்காத கிழக்குச் சுவர்ப் பக்கம் போன அம்சவள்ளி, "ஐயோ! இங்க வந்து பாருங்களேன்!" என்று கத்தினார்.

மூங்கிலின் காலடியில், இலைமக்கைப் பிளந்துகொண்டு, ஒரு சாண் உயரத்துக்கு அது நின்றிருந்தது. பஞ்சு போல வெள்ளைத் தண்டு. தலையில் பச்சை கலந்த கருஞ்சாந்து பூசிய குல்லாய். குல்லாய்க்குக் கீழேயிருந்து தரை வரைக்கும், நூலால் பின்னியதைப் போல, வெள்ளை வெளேர் என்று ஒரு வலைப் பாவாடை. பக்கத்தில் முட்டை முட்டையாக இன்னும் சில, மண்ணுக்குள் பாதி புதைந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. ஏற்கெனவே முறை முடிந்த இரண்டு மூன்று, அழுகிச் சாய்ந்து கிடந்தன. அவைதான் இத்தனை நாளும் தெருவை நாறடித்தவை.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று இனி ஒரு குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. தங்கதுரை என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டிருப்பார் என்றா? அவரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எழுந்தருளிட்டாடி!" என்றார்.

அரை மணி நேரத்தில் தெருவே அங்கே இருந்தது. ஒருவர் லிங்கம் என்றார். இன்னொருவர் அம்மன் என்றார். சிறிய விவாதம் நடந்து, பாவாடை இருப்பதைக் காட்டி அம்மன் கட்சி வென்றது. மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, செம்பில் பால் வந்தது. தங்கதுரை ஆழமாக மூச்சை இழுத்தார்.

"இன்னா ஒரு வாசன! சந்தனமும் சாம்பிராணியும் கலந்த மாரி இல்ல?"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியது. ஈக்கள் மொய்த்தன. "ஈ கூட தரிசனத்துக்கு வந்துக்கினு இருக்குது பாருங்க" என்றார். உலகத்தில் வேறு எந்த மூக்காவது இப்படிக் கண் இமைக்கும் நேரத்தில் கட்சி மாறியிருக்குமா? வாசனையும் நாற்றமும் மூக்கில் இல்லை ஐயா, முகவரியில் இருக்கின்றன.

நிர்மலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "சார், இது காளான்" என்றார். "நாத்தக் காளான். ஈய வரவழைக்கத்தான் இப்டி நாறுது. அந்தத் தலையில இருக்கற சாந்த ஈ தின்னுட்டு, காலுல ஒட்டிக்கினு போயி, வெத தூவற மாரி தூவும்." அதன் அறிவியல் பெயரையும் சொன்னார். பெயருக்குப் பொருள் கேட்டபோது சொல்ல மறுத்துவிட்டார். பழைய ஐரோப்பிய அறிஞர்கள் அதன் உருவத்தைப் பார்த்ததும் தங்கள் மனதில் பட்டதை வெட்கமில்லாமல் பெயராக வைத்துவிட்டார்கள். அதுவும் தெரியாமல் இங்கே அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

நிர்மலா சொன்னதை யாரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். இந்தக் குடும்பத்துக் காளான்கள் இல்லாத நாட்டைத் தேட வேண்டும். பனிப் பாலைவனமான தென்துருவத்தை விட்டுவிடுங்கள்; மரமும் இலையும் மக்குகிற இடமெல்லாம் இவற்றின் வீடுதான். பாவாடை கட்டிய இந்த வகை ஆசியா, ஆப்பிரிக்கா, தென்அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகளில் எல்லாம் மழைக்குப் பின் தலை காட்டும். சீனாவில் இதை வளர்த்து, நாறும் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, உலர்த்தி, விருந்துச் சூப்பில் போடுகிறார்கள். மத்தியதரைக்கடல் பக்கத்தில் ஒரு வகை சிவப்புக் கூண்டைப் போல முளைக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒன்று செந்நிறக் கைகளை விரித்துக்கொண்டு கடல்வாழ் பிராணி போல எழும். அது எப்படியோ, கம்பளி மூட்டைகளோடு என்கிறார்கள், ஐரோப்பாவுக்குப் போய் அங்கேயும் குடியேறிவிட்டது. அங்கேயும் யாரோ ஒரு தங்கதுரை கைக்குட்டையை எடுத்து "வந்தேறிகளால்தான் இந்த நாற்றம்" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு முறை மட்டும் சொன்னது சரியாகவும் இருந்திருக்கும். இத்தனை கண்டங்களிலும் இது மனிதர்களிடம் கேட்பது ஒன்றும் இல்லை. ஓர் ஈ போதும். பால் வேண்டாம், கற்பூரம் வேண்டாம், அடுத்த வீட்டுக்காரரின் மானம் அறவே வேண்டாம்.

உச்சி வெயில் ஏறும் நேரம் காசியம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தங்கதுரை ஓடிப்போய் வரவேற்றார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா! நம்ம வூட்ல அம்மன் எழுந்தருளிட்டா. தரிசனம் பண்ணிடுங்க. அப்புறம் அந்த வூடு விஷயம், நாத்தம் தாங்க முடியல, இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

"இரு தம்பி" என்றார் காசியம்மாள். "மூட்டைக்குள்ள கைவுட்டு அள்ளி மோந்து பாக்காம நான் எதையும் வாங்கறதும் இல்ல, தள்றதும் இல்ல." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். முன்னறை, அடுக்களை, பின்கட்டு என்று முகர்ந்துகொண்டே நடந்தார். நீல ட்ரம் பக்கத்தில் வந்தார். நிற்கவில்லை. தாண்டிப் போனார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த தங்கதுரைக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அந்த ட்ரம்ம தொறந்து பாருங்கம்மா!"

"நாறாத ட்ரம்ம நான் இன்னாத்துக்குத் தொறக்கணும்?"

குமார் வாசலில் ஒதுங்கி வழி விட்டார். காசியம்மாள் அவரைக் கடந்து வெளியே வந்து, மூக்கை முன்னால் விட்டு அதன் பின்னால் போகிறவரைப் போல, தங்கதுரை வீட்டுக் கேட்டைத் திறந்து, போர்டிகோவைத் தாண்டி, கிழக்குச் சுவர் ஓரத்தில், கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

"இன்னாய்யா இது? பொணம் நாறுது!"

"ஐயோ, அப்டி சொல்லாதீங்கம்மா! அது வேற நாத்தம். இது வேற வாசன."

அவர் சொல்லி முடிக்கவில்லை. காளானுக்கு ஆயுள் கொஞ்சம். வெயிலும் ஏறிவிட்டது, போதாததற்குச் செம்பு செம்பாகப் பால் வேறு. பாவாடை சுருங்கியது, தண்டு வளைந்தது, அம்மன் அப்படியே மஞ்சள் குங்குமத்தோடு சேற்றில் முகம் குப்புறச் சாய்ந்தாள். பாலும் சாந்தும் கலந்து கொதித்ததைப் போல ஒரு நாற்றம் எழுந்தது. இத்தனை நேரம் சந்தனத்தை முகர்ந்துகொண்டிருந்த பக்தர்கள் இரண்டு பேர் கேட்டைத் தாண்டி ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள்.

தங்கதுரையின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கைக்குட்டை வெளியே வந்தது. தலை உயர்ந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மெல்லத் திரும்பியது. மேற்கே!

"மண்ணு!" என்று கத்தினார். "இந்த மண்ணு எங்கேர்ந்து வந்துது? மலையிலேர்ந்து! அவன் கொண்டாந்து கொட்டனான்! நாத்தத்த மூட்ட கட்டிக் கொண்டாந்து என் வூட்ல போட்டுட்டான்!"

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த சிவரஞ்சனி உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். அதுதான் எல்லாரையும் கலக்கியது.

"காலைல அம்மனா நின்னப்ப அது யார் வூட்டு மண்ணு சார்? அப்ப ஒரு வார்த்த, குமாரு தம்பி மண்ணுல அம்மன் மொளச்சான்னு சொன்னீங்களா? நின்னா உங்குளுது, சாஞ்சா எங்குளுதா?"

அம்சவள்ளிதான் முதலில் சிரித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "மொத நாளே சொன்னேன், மூங்கில் பக்கம் பாருங்கன்னு" என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்து, அம்மனையும் முட்டைகளையும் சேர்த்து வாரிக் குழி தோண்டிப் புதைக்கப் போனார்.

"சரிம்மா, போனது போவட்டும்" என்றார் தங்கதுரை, தலைவர் குரலை வரவழைத்துக்கொண்டு. "ஆனா சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. காலி பண்ணச் சொல்லி…"

"தம்பி" என்றார் காசியம்மாள். "வூடு என்னுது. மூக்கு உன்னுது. நீ அத வெச்சிக்க, நான் இத பாத்துக்கறேன். அந்தப் பொண்ணு பரிச்ச எழுதி முடிச்சி, அதுக்கு மேல படிச்சி, அவங்களா காலி பண்றேன்னு சொல்ற வரிக்கும் அவங்கதான் என் வூட்ல இருப்பாங்க. போலீசு வருதுன்னா வரட்டும். கெழக்கேர்ந்து மோந்துக்கினு வரச் சொல்லு."

ஆட்டோ பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார். தனுஷா மாலையில் தேர்வு எழுதிவிட்டு வரும்போது நிமிர்ந்து நடந்து வந்தாள். நிர்மலா அன்றைக்கே செயலாளர் பதவியிலிருந்து விலகிவிட்டார். யாரும் குமாரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஊரில் பழிச்சொல் தெருவில் வரும். மன்னிப்பு மட்டும் வழி தெரியாமல் எங்கோ நின்றுவிடும். தங்கதுரை இப்போதும் தலைவர்தான். அடுத்த மழைக்கு அவர் மூக்குக்கு வேறு வேலை கிடைக்கும். தெருக்கோடியில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, என்ன சமைக்கிறார்கள் என்று தெரியவில்லையாம்.

இதைப் படித்து நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்திலோ அடுத்த தெருவிலோ இருக்கும் இன்னொரு தங்கதுரை நினைவுக்கு வந்திருப்பார். மகிழ்ச்சி. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி உங்கள் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிகிறது. கூட்டம் நடந்தபோதே உங்களுக்குத் தோன்றியது. காசியம்மாள் ட்ரம்மைத் தாண்டிப் போனபோது, "கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாமே" என்று ஒரு குறை இருந்தது. எல்லாம் சரி, அந்த நீல ட்ரம்மில் என்னதான் இருந்தது?

உங்கள் வீட்டுப் பின்கட்டு ட்ரம்மில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேனா?

வாருங்கள். எங்கள் சங்கத்தில் செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. வரும்போது கைக்குட்டை கொண்டு வாருங்கள்.